கலுங்கு வலை

அந்தச் சாக்கு காலை இடிக்குதா சார்? தள்ளிக்கங்க, பரவாயில்லை. உடையிற சாமான் ஒண்ணும் இல்லை. வாடைதான் கொஞ்சம் இருக்கும். கண்டக்டர்கூட மூக்கைப் பொத்திக்கிட்டு, மேல போடுங்க பெரியவரேன்னான். லக்கேஜ் டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டேல்ல, அப்புறம் என்ன உனக்குன்னு கேட்டுட்டு உக்காந்துட்டேன். கண்ணு முன்னாடி இருந்தா ஒரு நிம்மதி.

கையில என்ன சார் சுருட்டி வச்சிருக்கீங்க? படமா? ஓ, வாத்தியாரா நீங்க? பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சு இல்லையே. கோயமுத்தூரா, அதானே பாத்தேன். மரியாதை கொஞ்சம் தூக்கலா இருக்கேன்னு. எந்த ஊருப் பள்ளிக்கூடம்? சரி சரி, நான் எறங்குற ஊரைத் தாண்டி நாலாவது ஸ்டாப்பு. நெறைய நேரம் இருக்கு. கொஞ்சம் விரிங்களேன், நானும் பாக்குறேன்.

இயற்கைப் பேரிடர்கள். ம். எல்லாத்தையும் போட்டிருக்கான். இது நிலநடுக்கம், இது சுனாமி, இது புயல். எரிமலையை எதுக்கு சார் நடுவுல இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கான்? நம்ம பயலுக எங்க போயி எரிமலையைப் பாக்கப் போறாய்ங்க? வறட்சியை மூலையில ஒரு பொட்டிக்குள்ள அடைச்சிட்டான். எங்க ஜில்லாவுக்கு நியாயமாப் பாத்தா வறட்சியைத்தான் நடுவுல போடணும். அந்த மாட்டைப் பாருங்க, வறட்சியில நிக்கிற மாடு இப்படியா கொழுகொழுன்னு இருக்கும்?

காரணம் கீழ எழுதியிருக்கானோ? எனக்கு அம்புட்டுப் பொடி எழுத்து தெரியாது. நீங்க படிக்க வேணாம், நானே சொல்றேன், சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. நிலநடுக்கம்னா, பூமிக்கு அடியில பாளம் பாளமாப் பாறை கெடக்கு. அது நகந்துக்கிட்டே இருக்கு, ஒண்ணை ஒண்ணு நெருக்குது. ரொம்ப நாள் பொறுத்துப் பொறுத்து, ஒருநாள் பொறுக்கமாட்டாம வழுக்குது. மேல இருக்கிறவன் வீடு விழுகுது. தட்டா? சரி, தட்டுன்னே வச்சுக்கங்க. அதே சமாச்சாரம் கடலுக்கு அடியில நடந்தா சுனாமி. புயல்னா, கடல் சூடாகி அங்க இருக்கிற காத்து மேல ஏறுது, சுத்தி இருக்கிற காத்தெல்லாம் அந்த எடத்துக்கு ஓடியாருது. மின்னல்னா மேகத்துக்குள்ள சேந்த கரண்டு எறங்க எடம் தேடுது, உசரமா எது நிக்குதோ அது மேல எறங்குது. சரியா இருக்கா? எனக்குப் படிப்பு எட்டாப்போட சரி சார். ஆனா எதுக்கும் காரணம் தெரியாம எனக்குச் சோறு எறங்காது.

எம் மக சுகந்தியும் அப்படித்தான். ஏன்ப்பா, ஏன்ப்பான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். மழை ஏன்ப்பா வருது, மேகத்தால வருது. மேகம் ஏன்ப்பா வருது, கடலால வருது. விடாது. எங்க வீட்டுல அவ கூட சொல்லுவா, அப்பனும் மகளும் ஒரு காரணத்தைப் பிடிச்சா வேர் வரைக்கும் தோண்டாம விடமாட்டீங்களேன்னு.

இந்தா, இது நிலச்சரிவுதானே? இதைப் பாத்தாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். மலையில மழை பெய்யத்தான் செய்யும். பெஞ்ச தண்ணி எறங்குறதுக்கு ஓடை இருக்கு. இவன் என்ன பண்றான்? ஓடையை மறிச்சு ரூம் கட்டி வாடகைக்கு விடுறான். தண்ணி வந்து பாக்குது, வழியைக் காணோம். அது என்ன, போனாப் போகுதுன்னு திரும்பியா போகும்? கெடைச்ச பக்கம் பிச்சுக்கிட்டுப் போகுது. டவுன்லயும் இதே கதைதான். ஏரிக்குள்ள வீட்டைக் கட்டிட்டு, ஐயோ தண்ணி வந்துருச்சுங்குறான். தண்ணி போற வழியை மறிச்சா அது வேற வழியைப் பாக்கும். இது பச்சப்பிள்ளைக்கும் தெரியும் சார். காசு ஆசையில கண்ணு தெரிய மாட்டேங்குது.

வெள்ளம்னு பொதுவாப் போட்டுட்டான் பாருங்க. ஓட்டு மேல ஒரு பொம்பளை ஆட்டுக்குட்டியோட உக்காந்திருக்கா. கம்மாய் உடைப்புன்னு தனியா ஒண்ணும் போடலையா? இல்லை. அது சின்ன விசயம்னு விட்டிருப்பாங்க.

போன மாசம் நம்ம பக்கத்துல ஒரு கம்மாய் உடைஞ்சுச்சே, பேப்பர்ல பாத்திருப்பீங்களே? அந்த ஊருக்குத்தான் போறேன். மகளைக் குடுத்த ஊரு. மாப்பிள்ளை அதுல போயிட்டாரு.

ஆமா சார். எம் மாப்பிள்ளைதான். வைரவன்னு பேரு.

ஐயையோ, படத்தை எதுக்குச் சுருட்டுறீங்க? இருக்கட்டும், இருக்கட்டும். நான் ஒண்ணும் அழுகப்போறது இல்லை. எனக்கு அழுகை வரலை. அதுதான் எனக்கே வெளங்கலை. பொணத்தைப் பாத்தேன், வரலை. எடுத்துட்டுப் போறப்பவும் வரலை. சாப்பிடுறேன், உப்பு இருக்கா இல்லையான்னு தெரியலை. டிவியைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன், என்ன ஓடுதுன்னு தெரியலை. பல் பிடுங்குறதுக்கு முந்தி ஊசி போட்டாக் கன்னம் மரத்துப்போகும்ல, அப்படி மேலெல்லாம் இருக்கு. தெளியறப்பத் தெளியட்டும்னு இருக்கேன்.

நமக்கு மீன் யாவாரம் சார். யாவாரம்னா கடையில உக்காந்து விக்கிறது இல்லை, கம்மாயைக் குத்தகைக்கு எடுத்து, குஞ்சு விட்டு வளத்துப் பிடிக்கிறது. கட்லா, ரோகு, கெண்டை. எங்க ஊருக் கம்மாயில தண்ணி நிக்கிறதே இல்லை. மாப்பிள்ளை ஊருக் கம்மாய் பெருசு, நல்ல ஆழம். ஆனா வெளியூர்க்காரனுக்குக் குடுக்கமாட்டாய்ங்க, ஊருக்குள்ள பேச்சு வரும். நான்தான் யோசனை சொன்னேன், மாப்பிள்ளை, உங்க பேருல ஏலம் கேளுங்க, முதல் நான் போடுறேன், நீங்க பாத்துக்கங்கன்னு. அவருக்கு அதுல பெரிய விருப்பம் இல்லை. அவரு டிராக்டர் ஓட்டிக்கிட்டு இருந்தவரு. ஆனா மாமனார் சொல்லிட்டா மறுபேச்சு கெடையாது. இந்தக் காலத்துல இந்த மாதிரிப் பிள்ளை கெடைக்கிறது, என்ன சொல்ல. நான் உக்காந்திருந்தா எதுக்க உக்கார மாட்டாரு சார். என் செருப்பு வாசல்ல கெடந்தா அதைக்கூட நகத்த மாட்டாரு, சுத்தித்தான் போவாரு. என் பொருள்னா அம்புட்டு மரியாதை.

கலுங்குன்னா தெரியுமா உங்களுக்கு? கோயமுத்தூர்ப் பக்கம் என்ன சொல்லுவீங்களோ. கம்மாய் நெறைஞ்சா மிச்சத் தண்ணி தானா வழிஞ்சு போறதுக்கு, கரையோட ஒரு கோடியில கல்லால கட்டி விட்டிருப்பாங்க. கரையைவிடக் கொஞ்சம் தணிவா இருக்கும். அதுல தண்ணி பாய்ஞ்சா, இந்த வருசம் பஞ்சம் இல்லைன்னு அர்த்தம். பொம்பளைக குலவை போடுவாங்க, கெடா வெட்டுவாங்க. ஆனா மீனுக்கு அது வெளிய ஓடுற வாசல். தண்ணி பாய்ஞ்சுதுன்னா பெரிய மீனெல்லாம் அதோட துள்ளி, கூட்டமாப் போயிரும். வருசம் பூராவும் வளத்தது ஒரு பொழுதுல போயிரும். அதுக்காகக் குத்தகைக்காரங்க கலுங்குல வலை கட்டுவோம். கல்லுக்குக் கல்லு சவுக்குக் கம்பு நட்டு, அடி வரைக்கும் வலையை எறக்கிக் கல்லு வச்சு அமுக்கிருவோம். தண்ணி போகும், மீன் போகாது. எல்லாரும் கட்டுறதுதான் சார். நான் கொஞ்சம் பொடிக்கண் வலையாப் பாத்துக் கட்டினேன், கைப்பிடி மீன் கூடப் போகக்கூடாதுன்னு. ரெண்டு மடிப்பு.

அன்னிக்குக் காலையில மாப்பிள்ளை போன் அடிச்சாரு. மாமா, கலுங்கு பாயுது, ஊரே அங்கதான் நிக்குதுன்னு. பின்னாடி குலவைச் சத்தம் கேக்குது. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. வலை எப்படி மாப்பிள்ளை இருக்குன்னு கேட்டேன். நல்லா நிக்குது மாமான்னாரு.

நான் டவுன்ல இருந்தேன். மழை விட்டதும் மீன் பிடிப்பு வைக்கணும், யாவாரிகிட்ட வெலை பேசணும்ல. கொஞ்சம் பொழுது ஏறினப்ப திரும்பவும் அடிக்கிறாரு. மாமா, மேக்க ரெண்டு கம்மாய் உடைஞ்சு அந்தத் தண்ணியும் இங்க வருது. ஆகாயத்தாமரை பாய் பாயா வந்து வலையில அடையுது. தண்ணி வழிய மாட்டேங்குது, கரைக்கு ஏறுது. ஊர்க்காரங்க சத்தம் போடுறாங்க மாமா. அறுத்து விட்டுரட்டுமா?

நான் சொன்னேன், மாப்பிள்ளை, அவசரப்பட்டு வலையில கையை வச்சுராதீங்க. சத்தம் போடுறவன் நாளைக்கு மீனைத் திருப்பிக் குடுப்பானா? நாலு இளவட்டங்களை எறக்கித் தாமரையை அள்ளிப் போடச் சொல்லுங்க. நான் இந்தா வந்துக்கிட்டே இருக்கேன். அப்பப் பக்கத்துல சுகந்தி குரல் கேட்டுச்சு, போனைக் குடுங்க, நான் அப்பாகிட்டப் பேசுறேன்னு. இவரு, வேணாம், மாமாதான் சொல்லிட்டாங்கள்லன்னு அதுகிட்டச் சொன்னாரு. சொல்லிட்டு என்கிட்ட, சரிங்க மாமான்னாரு. அதுதான் அவரு குணம். ஒரு தடவை சரின்னா சரிதான்.

மூணாவதும் ஒரு தடவை அடிச்சாரு. அப்பத்தான் யாவாரி எறங்கி வாறான், கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேக்குற நேரம். எதுக்கு அடிக்கிறாருன்னு தெரியும், அதான் சொல்லியாச்சேன்னு எடுக்கலை. திரும்பக் கூப்பிட்டப்ப மணி அடிக்கலை. மழை நேரத்துல டவர் போயிரும்ல.

நான் போய்ச் சேர்றதுக்குள்ள உடைப்பு எடுத்திருச்சு. கலுங்கை ஒட்டினாப்புல கரையை அப்படியே ரெண்டு பனை நீளத்துக்குக் கொண்டுபோயிருச்சு. கீழத்தெரு பூராவும் போச்சு. ஆனா ஆளுகளுக்குச் சேதம் இல்லை சார். ஏன்னா மாப்பிள்ளை வீடு வீடா ஓடி, எல்லாரையும் பள்ளிக்கூட மாடிக்கு ஏத்தி விட்டுட்டாரு. கெழடு கட்டையெல்லாம் தூக்கிட்டுப் போயி விட்டிருக்காரு. சுகந்தியையும் ஏத்தி விட்டுட்டாரு. ஏத்தி விட்டுட்டு, நீரு மட்டும் திரும்பவும் எதுக்குய்யா கம்மாய்க்குப் போனீரு? அதுதான் எனக்குப் பிடிபடலை.

மாடியில நின்னவங்க பாத்திருக்காங்க. கலுங்கு மேல இடுப்புத் தண்ணியில நின்னாராம். கம்பைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு எந்திரிச்சாராம். மீன் தப்பிப் போகுதான்னு பாத்திருப்பாரு. என் பொருள் மேல அவருக்கு அம்புட்டு அக்கறை. பாத்துக்கிட்டு இருக்கிறப்பவே பக்கத்துக் கரை போயி, அவரையும் இழுத்துட்டுப் போயிருச்சு.

மறுநாள் கருவேலங்காட்டுக்குள்ள கெடந்தாரு. கையில அருவா. விரலைப் பிரிக்க முடியலை, அம்புட்டு எறுக்கமாப் பிடிச்சிருந்தாரு. வெள்ளத்துல எதுக்கு சார் அருவா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். வெள்ளத்துல பாம்பு வரும்ல. அதுக்கு எடுத்துட்டுப் போயிருப்பாரு. வேற என்ன இருக்கப் போகுது?

என்ன சார்? ஒண்ணும் இல்லையா? ஏதோ கேக்க வந்தீங்கன்னு நெனைச்சேன்.

காரணம்னு பாத்தா ஒண்ணா ரெண்டா சார்? முதல் காரணம் காத்தழுத்தத் தாழ்வு. ரெண்டாவது மேக்க உடைஞ்ச கம்மாய். அப்புறம் கரை போட்ட காண்ட்ராக்டர், களிமண் போடவேண்டிய எடத்துல சவுட்டு மண்ணைப் போட்டுட்டான். அப்புறம் நண்டு. நண்டு கரையில வளை போட்டுச்சுன்னா, அதுக்குள்ள தண்ணி கசிஞ்சு கசிஞ்சு கரையே அரிச்சுப் போயிரும். அப்புறம் இம்புட்டு வருசமா மழை இல்லாமக் கரை காஞ்சு வெடிச்சிருந்துச்சு. உங்க படத்துல வறட்சியைத் தனியா, வெள்ளத்தைத் தனியாப் போட்டிருக்கான்ல, அது தப்பு. வறட்சி வந்த கரைதான் வெள்ளத்துக்கு நிக்காது. இதை நீங்க பயலுகளுக்குச் சொல்லிக் குடுங்க.

ஒரு இன்ஜினீயர் வந்தாரு. நானே கூட நடந்து நண்டு வளையெல்லாம் காமிச்சேன். அந்தாளு என்ன பண்றாருங்கிறீங்க? நேரா கலுங்குக்குப் போயி என் வலையைப் போட்டோ பிடிக்கிறாரு. இங்கிட்டு நின்னு ஒண்ணு, அங்கிட்டு நின்னு ஒண்ணு. தாமரை அப்படியே பந்தல் கணக்கா அப்பிக் காஞ்சு கெடக்கு. யார் கட்டினதுன்னு கேட்டாரு. நான்தான்னேன். என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு ஜீப்ல ஏறிட்டாரு. கரை உடைஞ்சு கெடக்கு, உடையாத கலுங்கைப் போட்டோ எடுத்துட்டுப் போறாரு. இவங்களை நம்பித்தான் சார் நாடு இருக்கு.

ஊர்க்காரங்களும் முன்ன மாதிரி இல்லை. டீக்கடைக்குப் போனா பேச்சு நின்னு போகுது. துக்க வீட்டுக்காரன்னு ஒரு கூச்சம் இருக்கும்ல. நானே கூப்பிட்டுப் பேசினா, டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சுப் போறாங்க. ஆறுதல் சொல்லத் தெரியாத சனம்.

எங்க வீட்டுல அவ காரியம் முடிஞ்சும் வரலை. மக கூடவே தங்கிட்டா. சின்ன வயசுல தாலி அறுத்த பிள்ளைக்குத் துணை வேணும்ல. வேணும்தான். எனக்கும் ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுக்க ஆள் வேணும்தான், ஆனா நான் கேக்கலை. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறா. அவளுக்கு அந்தப் புதுப் போனு இன்னும் பழகலை.

சுகந்திதான் சார் ஒண்ணுமே பேசலை. அதுதான் எனக்கு. மத்தது எல்லாம் போகட்டும். காரியத்து அன்னிக்கு எம் முன்னாடி வந்து நின்னுச்சு. அழுது கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு. நின்னு என் மூஞ்சியவே பாத்துச்சு. ஏன்ப்பான்னு கேக்கும்னு பாத்தேன். அது கேக்காம இருந்ததே இல்லை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன், காத்தழுத்தத்துல ஆரம்பிச்சு நண்டு வரைக்கும் எல்லாத்தையும் வச்சிருந்தேன். கேக்கலை. திரும்பிப் போயிருச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை போனேன். இப்ப மேட்டுத் தெருவுல ஒரு வீட்டுல இருக்காங்க. போறப்பெல்லாம் கதவு சாத்தியிருக்கு. தட்டினேன். உள்ள மிக்சி ஓடுற சத்தம் கேட்டுச்சு, தட்டினதும் நின்னு போச்சு. அசந்து தூங்கியிருக்கும்னு, வாங்கிட்டுப் போன பழத்தை வாசல்ல வச்சுட்டு வந்துட்டேன். அடுத்த தடவை போறப்ப அந்தப் பை அங்கேயே கெடந்துச்சு, பழம் அழுகி எறும்பு மொய்ச்சு. பிள்ளை சாப்பாடே எடுக்க மாட்டேங்குது போல.

எனக்கு இப்பப் பயமா இருக்கு சார். வேற எதுக்கும் பயம் இல்லை. ஒத்தப் பிள்ளை. அது பேசாமலே விட்டுருச்சுன்னா?

ஆனா முந்தாநேத்து போன் பண்ணிருச்சு. ஆமா! அதுவே பண்ணுச்சு. நான் பதறிப்போயி எடுத்தேன், சொல்லு தாயின்னேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. அந்த வலை என்னாச்சுப்பா?

பாத்தீங்களா சார். புருசனைப் பறிகுடுத்துட்டு நிக்கிறப்பவும் அப்பனோட வலையைப் பத்தி நெனைக்குது. எம் மகள்ல! எனக்கு அன்னிக்குத்தான் கண்ணு லேசாக் கலங்குச்சு. நான் சொன்னேன், வலைக்கு ஒண்ணும் ஆகலை தாயி, கலுங்குல கட்டின மேனிக்கு அப்படியே நிக்குது, நீ கவலைப்படாதன்னேன். அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு. திரும்ப அடிச்சேன், எடுக்கலை. டவர் இன்னும் சரியாகலை அங்க.

அதான், நேத்து பூராவும் கலுங்குல உக்காந்து தாமரையைப் பிச்சுப் பிச்சு எடுத்து, அலசி, ராத்திரியே எங்க ஊருக்குக் கொண்டுபோயி அரையும் குறையுமாக் காயப்போட்டு, சாக்குல கட்டிட்டேன். ஆமா சார், வலைதான். உங்க காலடியில இருக்கிறது அதுதான். இனி நான் மீனுக்குப் போறதா இல்லை. கோழி வளத்தாச் சுத்திக் கட்டிக்கிரட்டும், இல்லை கீரைப் பாத்திக்குப் போட்டுக்கிரட்டும். நல்ல நைலான், இன்னும் பத்து வருசத்துக்குத் தாங்கும்.

அந்தா, அங்கிட்டுப் பாருங்க. வெள்ளையாத் தெரியுதுல்ல, அது மணல் மூட்டை. அங்கதான் உடைப்பு. பக்கத்துல கல்லு கல்லா நிக்குதுல்ல, அதுதான் கலுங்கு. எவ்வளவு உறுதியா நிக்குது பாருங்க.

எறங்கணும் சார். ஒரு கை பிடிங்க, சாக்கு ஈரத்துல கனக்குது. இன்னிக்குக் கதவைத் தொறந்திரும். கேட்ட சாமானைக் கொண்டுபோறேன்ல. வாசல்லயே விரிச்சு, அது கையில குடுத்து, ஒவ்வொரு கண்ணியாக் காமிக்கப் போறேன். அலசுறப்பவே நானும் தடவித் தடவிப் பாத்துட்டேன் சார். ஓரத்துல ஒரு எடத்துல மட்டும் அருவா பட்ட மாதிரி நாலஞ்சு கண்ணி அறுந்திருந்துச்சு.

அதையும் நேத்தே முடிச்சுப் போட்டுட்டேன்.